வங்குரோத்து வீட்டுக்குச் சீனி

வங்குரோத்து என்ற சொல்லை நான் முதலில் கேட்டது தொலைக்காட்சிச் செய்தியில்தான். நாடு வங்குரோத்து அடைந்துவிட்டது என்று செய்தி வாசித்த பெண் முகம் கோணாமல் சொன்னாள். அதுவரை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதற்கு இருந்த ஒரே சொல் போண்டி. சம்பளத்தைச் சாராயத்தில் விட்டவனும் போண்டி, மகளின் சடங்கைத் தகுதிக்கு மீறி நடத்தியவனும் போண்டி. இந்தியத் தொடர்களில் பங்களாக்காரர்கள் திவால் ஆவார்கள். றக்வான கடைத்தெருவில் சிங்களத்தில் பங்கொலொத் என்பார்கள். எந்தப் பாஷையில் சொன்னாலும் அது ஓர் ஆளுக்கு வருகிற கேடு என்றுதான் நினைத்திருந்தோம். நாட்டுக்கே வரும் என்பது புதிது.

அன்று என் கடையில் நின்ற ஒருத்தி, "நாடு போண்டியாச்சுன்னா அத யாருக்கா எடுத்துக்குவா?" என்று கேட்டாள்.

"யாரு எடுத்தாலும் ஒன் கடன் கொப்பிப் பாக்கி என்கிட்டதான்டி கட்டணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சில மாதங்களில் அதே சொல்லை என்னைப் பற்றிச் சொன்னார்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கடை றக்வானவுக்கு மேலே, பஸ் திரும்புகிற வளைவில் இருக்கிறது. பதினான்கு வருசம் கொழுந்து பறித்துவிட்டு, தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு வந்து போட்ட கடை. என் வீட்டுக்காரர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கிறார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மிச்சப் பேச்சையெல்லாம் நான்தான் பேசுகிறேன். கடையில் சாமான் எடுப்பவர்கள் கொப்பியில் எழுதிவிட்டுப் போவார்கள், பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் கட்டுவார்கள். இதற்கு முத்திரையும் கிடையாது, சாட்சியும் கிடையாது. என்னை ஏமாற்றியவர்கள் உண்டா என்று கேட்டால், உண்டு. அவர்களைப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறேன், அவர்களும் மறுபடி வந்து பருப்பு வாங்கியிருக்கிறார்கள்.

கடையோடு சீட்டும் பிடித்தேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள். மாதம் ஒருத்திக்கு விழும். எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் மாதச் சீட்டைக் குலுக்கிப் போடுவதில்லை, அது சீட்டுப் பிடிக்கிறவளுக்கு. அந்த வசதிக்குப் பதிலாக, யாராவது கட்டாமல் விட்டால் துண்டு விழுகிற காசைச் சீட்டுப் பிடிக்கிறவள்தான் போட்டு நிரப்ப வேண்டும். எழுதி வைத்த சட்டம் அல்ல, ஆனால் எல்லோருக்கும் தெரியும். முதல் சீட்டை எடுத்து நான் பெரிய ஐஸ் பெட்டி ஒன்று வாங்கிப்போட்டேன். யோகட், ஐஸ்கிறீம், கோழி எல்லாம் விற்கலாம் என்று ஆசை. வாங்கி நாலாவது மாதம் கரண்ட் வெட்டு ஆரம்பித்தது.

கடைசிச் சீட்டு கீழ் லயத்துக்காரி ஒருத்திக்கு. அவளே கேட்டு வாங்கிக்கொண்ட கடைசி. "முன்னாடி விழுந்தா வீட்டுல நிக்காதுக்கா, கரைஞ்சிரும்" என்றாள். அந்தக் காசில் என்ன செய்யப் போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்தமாக ஒரு கக்கூஸ் கட்டப் போகிறாள். அவர்கள் லயத்தில் எட்டுக் காம்பராவில் இருக்கிற குடும்பங்களுக்கு ரெண்டு கக்கூஸ், ரெண்டும் பள்ளத்தில். மழைக்காலத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி இறங்கவேண்டும். போய் வந்தால் காலில் நாலு அட்டையாவது இருக்கும். கதவில் ஒன்றுக்குக் கொண்டி இல்லை. உள்ளே இருப்பவள் இருமிக்கொண்டே இருக்கவேண்டும். நாற்பது வயது வரைக்கும் இருமியாச்சு, இனி இரும மாட்டேன் என்று அவள் சபதம். தோட்டத்துத் துரையிடம் அனுமதிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அந்த வருசம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாவு விலை ஏறியது, பருப்பு ஏறியது, உரமில்லாமல் கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைந்ததால் வேலை நாள் குறைந்தது. கொப்பியில் எழுதுகிறவர்கள் கூடினார்கள், கட்டுகிறவர்கள் குறைந்தார்கள். மொத்தக் கடை முதலாளி கைக்காசு இல்லாமல் ஒரு மூட்டைகூடத் தரமாட்டேன் என்றார். சீட்டிலும் ஓட்டை விழுந்தது. ஒருத்தி சீட்டை எடுத்த கையோடு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியின் புருசன் மரத்திலிருந்து விழுந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தான், அவளிடம் போய்ச் சீட்டுக்காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. நிரப்பினேன், நிரப்பினேன், கடைத் தட்டு காலியாகிற வரைக்கும் நிரப்பினேன். பத்தாவது, பதினோராவது சீட்டைக் கொடுத்து முடித்தபோது டின் மீன் தட்டில் ஒரு டின்கூட இல்லை. அடுத்தது கடைசிச் சீட்டு. அதற்கு மற்றவர்களாலும் பாதிக்கு மேல் கட்ட முடியாது என்று தெரிந்துபோயிற்று.

பிரதேச செயலகத்தில் வேலை செய்கிற ஒருவர் எங்கள் கடைக்கு மேலே அறை எடுத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயது, மரியாதையான பிள்ளை. தினமும் ரெண்டு முட்டை வாங்குவார். அன்று முட்டைக்கு வந்தவர் காலித் தட்டைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். நானும் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, இதுக்குத்தான் வங்குரோத்து எண்டு சொல்லுறது" என்றார். "வெக்கப்பட ஒண்டுமில்லை. பெரிய பெரிய கொம்பனியளே செய்யுது. கட்ட ஏலாது எண்டு கோட்டில சொன்னால், இருக்கிறதைப் பிரிச்சுக் குடுப்பினம். மிச்சத்துக்கு உங்களைப் பிடிச்சு நெரிக்க ஏலாது."

"அப்போ சீட்டு என்னா சார் ஆகும்?"

"சீட்டுக்கு எழுத்து ஏதும் இருக்கோ?"

"கொப்பியில பேரு இருக்கு."

"அது சட்டத்துக்குக் காணாதக்கா. சீட்டை யோசிக்காதேங்கோ. அதைக் கேட்டு ஒருத்தரும் கோட்டுக்குப் போக ஏலாது."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று பகல் முழுக்க அது எனக்குள் கிடந்து அறுத்தது. எழுத்து உள்ள கடனைக் கட்ட முடியாவிட்டால் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், முடிவும் இருக்கிறது. எழுத்தில்லாத கடனுக்கு எதுவுமே இல்லை. நாங்கள் இருக்கிற காம்பராவுக்கே எழுத்துக் கிடையாது, பிறகு கடனுக்கு எங்கே போவது. எங்களில் ஒருத்தி வங்குரோத்து ஆக வேண்டும் என்றாலும் அதற்கான யோக்கியதை எங்களுக்கு இல்லை. சொன்னதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் சொன்னதைச் செய்யாதவள் என்று சாகும்வரை அந்த லயத்துக்குள்ளேயே நடமாட வேண்டும். நடுவில் வேறு வழி கிடையாது.

நாங்கள் பேசியபோது கடை வாசலில் ரெண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. மறுநாள் தோட்டத்தில் வேலை விட்ட நேரம், வாசலில் ஒன்பது பெண்கள். எல்லாம் சீட்டுக்காரிகள். காசு கேட்கத்தான் கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அவர்கள் காசு கேட்கவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். சுவரோரமாக வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஆளுக்கொரு பொட்டலத்தை மேசையில் வைத்தார்கள். சீனி, தேயிலைத் தூள், ஒருத்தி கொஞ்சம் பிஸ்கட். எங்கள் பக்கத்தில் சீனியும் தூளும் கொண்டு ஒரு வீட்டுக்குப் போவது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். எழவு வீட்டில் அடுப்பு எரியாது, வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், அதற்காகக் கொண்டு போவோம்.

ஒருத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்பக்கா ஆச்சு?" என்றாள்.

"என்னாடி எப்ப ஆச்சு?"

"அதான்க்கா, வங்குரோத்து."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து பனியனோடு வந்தார். ஒன்பது பேரையும் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு போயிட்டா?" என்று கேட்டார். அவருடைய அன்றைய பத்து வார்த்தையில் ரெண்டு அதற்குப் போனது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. "நான் என்ன செத்தா போயிட்டேன்? எந்திரிங்கடி எல்லாரும். இந்தச் சீனி யாரு கடையில வாங்குனது?" என்று கேட்டேன். கொப்பியைத் திறந்து பார்த்தேன். பொட்டலம் சுற்றிய காகிதம்கூட என் கடைக் காகிதம். கடையில் மிச்சமிருந்ததைக் காலையில் என்னிடமே கடனுக்கு வாங்கி, மாலையில் எனக்கே துக்கத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். இப்படியொரு காரியத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

கீழ் லயத்துக்காரி மட்டும் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சீட்டு போனா போகுதுக்கா. நீங்க மனச விட்டுறாதீங்க. இத்தன வருசம் பள்ளத்துல எறங்குனவதானே, இன்னுங் கொஞ்ச நாளைக்கு எறங்கிக்கிறேன்" என்றாள்.

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் விட்டுக்கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. "போனா போகுதா? அதச் சொல்ல நீ யாரு?" என்று அவளிடமும் கத்தினேன். "அடுத்த மாசம் பத்தாந்தேதி, இதே எடத்துல, ஒன் கையில முழுசா வைக்கிறேன். ஒரு ரூவா கொறஞ்சா நான் இந்தக் கடையில இருக்க மாட்டேன். இப்ப எல்லாரும் ஒக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்." அந்தச் சீனியைப் போட்டே ஊற்றினேன். குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் போன பிறகு கத்தியதற்காக வெட்கப்பட்டேன். இப்படிப்பட்ட மனுசர்களோடு இருக்கிறேனே என்று பெருமையாகவும் இருந்தது.

முதலில் ஐஸ் பெட்டியை விற்றேன். எம்பிலிப்பிட்டியவிலிருந்து தயிர்ச் சட்டி ஏற்றிக்கொண்டு லொறியில் வருகிற ஒருவர் பார்க்க வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார், தட்டிப் பார்த்தார். விலையைக் குறைக்கிற தந்திரமாக, "அக்கே பங்கொலொத்த?" என்று கேட்டார், அக்கா நீங்கள் போண்டியா என்று.

"மம நெமெய், ரட" என்றேன். நான் இல்லை, நாடு.

மனுசன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கேட்ட விலையைத் தந்து ஏற்றிக்கொண்டு போனார். ஆனாலும் போதவில்லை. அடகு வைக்க நகையும் இல்லை. இருந்தது ரெண்டு கை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார்கள். பதிவில் பேர் கிடையாது, பறித்த கிலோவுக்கு அன்றைக்கே காசு. கடைக்காரியாகி இத்தனை வருசத்துக்குப் பிறகு படங்கை இடுப்பில் சுற்றி, கொழுந்துச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். கங்காணி என்னைப் பார்த்து, "என்னாக்கா, கடைய மலைக்கு மாத்திட்டீங்களா?" என்றார்.

"ஆமா, ஒங்களுக்கும் கொப்பி போட்டுத் தரவா?" என்றேன். போன மாதத்துப் பாக்கியை அவர் இன்னும் கட்டவில்லை. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

கை மறக்கவில்லை, முதுகுதான் மறந்திருந்தது. முதல் ஞாயிறு பதினொரு கிலோ. ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை. ரெண்டாவது ஞாயிறு தராசில் பத்தொன்பது நின்றது. பத்தொன்பது கிலோ பறிக்கிற கை இல்லை என் கை, எனக்குத் தெரியாதா. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலே கிடந்தது முழுக்க நறுக்கென்று கிள்ளின ரெண்டிலைக் கொழுந்து. நான் அப்படிக் கிள்ள மாட்டேன், கொஞ்சம் நீட்டி எடுக்கிறவள். திரும்பிப் பார்த்தால் எனக்கு அடுத்த நிரையில் கீழ் லயத்துக்காரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"நீதானா?"

"என்னாக்கா?"

"என் சாக்குல கொழுந்து போட்டது."

"காத்துல பறந்து வந்து விழுந்துருக்கும்."

"ஒன் சீட்டுக் காசுக்கு நீயே கொழுந்து எடுத்துத் தாரியா? இந்த ஒலகத்துலயே இப்பிடி ஒரு பைத்தியம் நீ ஒருத்திதான்டி."

நிரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கங்காணியிடம் எட்டுக் கிலோவை நிறுத்து அவள் பேருக்கு எழுதச் சொன்னேன். அவர் முடியாது என்றார். சாக்கைத் தராசிலிருந்து எடுக்காமல் நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் எழுதினார். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் மலையின் ஓரத்து நிரையில், யாரும் பக்கத்தில் வராத இடத்தில் நின்றேன். அங்கே அட்டை அதிகம். பரவாயில்லை.

பத்தாம் தேதி வந்தது. கடை வாசலில் மேசையைப் போட்டு, சீட்டுக்காரிகள் எல்லோரையும் கூப்பிட்டேன். பகல் வெளிச்சத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற சனம் பார்க்க, முழுச் சீட்டையும் எண்ணி அவள் கையில் வைத்தேன். அவள் எண்ணவில்லை. "எண்ணுடி" என்றேன். எண்ணினாள். சரியாக இருந்தது. மேலிருந்து முட்டைக்கு இறங்கி வந்த செயலகத்துத் தம்பி படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் குடுத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை" என்றார் மெதுவாக.

"கட்டாயம் இருந்தா யாரும் குடுப்பாங்க சார்" என்றேன். அன்று அவருக்கு முட்டை இல்லை, கடையில் எதுவுமே இல்லை. உப்பும் நெருப்புப்பெட்டியும் மட்டும் இருந்தன. அவர் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு போனார். கடையை மூடவில்லை. கொழும்புக்குப் போனவள்கூட ரெண்டு மாதம் கழித்து அங்கே வேலை செய்கிற இன்னொருத்தியிடம் காசு கொடுத்தனுப்பினாள், பாதிதான், ஆனால் வந்தது. இன்றைக்கு டின் மீன் தட்டில் டின் மீன் இருக்கிறது.

கக்கூஸ் கட்ட மூன்று மாதம் ஆனது. சிமெந்து விலை தெரிந்ததும் அவள் திட்டத்தைச் சுருக்கினாள். கூரைக்கு ஓடு போய்த் தகரம் ஆனது, பூச்சு உள்ளுக்கு மட்டும். கட்டுகிற மேசன் பாஸ் தன் கூலியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றாளாம். யாரிடம் படித்த திமிரோ என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

முடிந்த அன்று ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாள். போனால், அவள் காம்பராவுக்குப் பின்னால், மேட்டில், பின்வாசலில் இருந்து எட்டு அடியில் நிற்கிறது. புதுக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தியாகிவிட்டது. கொழும்புக்குப் போனவளைத் தவிர எங்கள் சீட்டுக்காரிகள் அத்தனை பேரும் சுற்றி நிற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தவனின் பெண்சாதியும் வந்திருந்தாள்.

"மொத ஆளு நீங்கதான்க்கா போகணும்" என்றாள்.

"அடி போடி. ஒனக்குக் கட்டுனது. நீ போ."

"எனக்கு இனி தெனமும் இருக்கு. நீங்க போங்க."

"எனக்கு இப்ப வரலையே."

"வராட்டி என்னா, சும்மா போயி கதவச் சாத்திக்கிட்டு நில்லுங்க. நீங்க போகாம இதுல யாரும் கால வைக்க மாட்டோம்."

செருப்பைக் கழற்றப் போனேன், எல்லோரும் சிரித்தார்கள். செருப்போடு உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். கொண்டி புதுசு, இறுக்கமாக இருந்தது, ரெண்டு கையாலும் தள்ளிப் போட்டேன். சிமெந்து வாசனை. வெள்ளைக் கொமட். ஒரு வாளி நிறையத் தண்ணீர், மேலே மிதக்கிற சின்னக் கோப்பை. வெளியே ஒரு சத்தமும் இல்லை, எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"எப்பிடிக்கா இருக்கு?" என்று வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

வாளியைத் தூக்கி, இருந்த தண்ணீரை முழுசாக ஊற்றினேன். வெளியே எல்லோரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.